சாந்தியின் பதக்கம் பறிபோனது, டுட்டீ சந்த் மட்டும் எப்படி மீண்டும் ஓடினார்?

இருவருக்கும் நேர்ந்தது ஏறக்குறைய ஒன்றுதான். உடன் நின்றவர்கள்தான் வேறு.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண் சாந்தி சௌந்திரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய மருத்துவ விஷயம் டிவியில் ஓடியது. அவருக்காக வழக்காட விளையாட்டு அமைப்புகள் எதுவும் முன்வரவில்லை. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது, சரி. ஆனாலும் சில வருடங்களில் அவரும் சூளை வேலைக்குத்தான் போனார். ஏழை, தலித், பெண். இதில் எது அவரை இப்படித் தனியாக விட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒடிசா நெசவாளர் மகள், ஓட்டப்பந்தய வீராங்கனை டுட்டீக்கு 2014-இல் இதே மாதிரி தடை வந்தது. உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன்), வீராங்கனைகளுக்கு விதி வைத்த வரம்பைவிட அதிகமாம். இந்த முறை ஆய்வாளர்கள் துணைக்கு வந்தார்கள், கனடா வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் 2015-இல் அந்த விதியையே நிறுத்திவைத்தது. மறுவருடம் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடினார்.

அப்புறம் 2018-இல் புது விதி வந்தது. அதில் அப்போது 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரைதான் கட்டுப்பாடு இருந்தது, டுட்டீயின் 100, 200 தப்பின. சாந்தியின் 800 சிக்கியது.