தாழ்வாரத்து கேமரா

கேள்வி: ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். சென்ற மாதம் பிரபல நடிகை ஒருவர், அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த தம் தாயாருடன் மூன்று நாள் தங்கினார். ஸ்வெட்டரும் குல்லாயும் போட்ட அந்த அம்மாவை, அவரே கைத்தாங்கலாக ஒவ்வொரு படியாக இறக்கி அழைத்து வருவார். எங்கள் சிசிடிவி பதிவைக் கொடுத்தால் 15,000 ரூபாய் தருவதாக ஒரு யூடியூப் சேனல்காரர் சொல்கிறார். "படம் வெளியானால் நிருபர்களை அவர்களே கூப்பிடுகிறார்களே, இதில் என்ன தப்பு?" என்கிறான் என் மகன். கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம்.)
– வாசகி, ஏற்காடு

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா.

உங்கள் மகன் கேட்பதைத் தட்டிக்கழிக்க முடியாது. விளம்பரத்துக்கு நிருபர்களைத் தேடிவிட்டு, வேண்டாத கேள்வி வந்ததும் அவர்கள் மீது பாய்கிற நட்சத்திரங்களைப் பார்த்து நானும் சலித்திருக்கிறேன். ஆனால் பேட்டிக்கு உட்காரும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. உங்கள் படிக்கட்டில் அது இல்லை. தாயாரோ நடிகையே அல்லர்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்குச் சேலத்தோடு தொடர்புடைய ஒரு வழக்கே இருக்கிறது. 1995-இல் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், முந்தைய ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை அவர் சம்மதமின்றியும் எழுதலாம், அதைத் தாண்டி அவருடைய வாழ்க்கையை எழுதினால் அது அந்தரங்க உரிமையில் தலையிடுவதாகலாம் என்றும் சொன்னது. மரண தண்டனைக் கைதிக்கே அவ்வளவு மதிப்புக் கொடுத்த சட்டம் அது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது. ஓர் அமைச்சர் உங்கள் அறையில் ஒப்பந்தக்காரரிடம் பணம் வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அந்த நடிகை உங்களிடம் அதைக்கூடக் கேட்கவில்லை; அறைச் சாவியை வாங்கிக்கொண்டபோதே நம்பிவிட்டார்.

சேனல்காரரிடம் பதிவு அழிந்துவிட்டது என்று பொய் சொல்ல வேண்டாம், தர மாட்டேன் என்றே சொல்லுங்கள். அடுத்து அவர் உங்கள் ரூம் பாயிடம்தான் போவார். அந்தப் பையனிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.