மகளின் பென்சில் பெட்டிக்குள் இருக்கும் லிதுவேனிய மொழி

அன்புச் சகோதரிக்கு,

கணவரின் பணி காரணமாக ஆகஸ்டில் கௌனாஸ் நகருக்கு வரவிருப்பதாகவும், 8 வயது மகள் லிதுவேனியப் பள்ளியொன்றில் 2ஆம் வகுப்பில் சேரவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வகுப்பறைப் பொருள்களின் ஆங்கிலப் பெயர்களையும் அவற்றுக்கு நேரான லிதுவேனியச் சொற்களையும் கொண்ட பட்டியலை அவள் மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா என்பது தங்கள் கேள்வி. 11 ஆண்டுகளுக்கு முன்பு என் மகனுக்கு நானும் அப்படி ஒரு பட்டியலைத்தான் கொடுத்தேன். பொருள்களின் பெயர்கள் அவனுக்குத் தெரிந்திருந்தன. ஆயினும் ஆசிரியை பேசும்போது அந்தப் பெயர்கள் அவன் காதில் விழவே இல்லை.

பென்சிலுக்குப் 'பியெஷ்துக்கஸ்' என்று பட்டியலில் இருக்கும். பென்சில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அது 'நெத்துர்யு பியெஷ்துக்கோ' என்று மாறிவிடும். இல்லை என்று சொல்லும் இடத்தில் பொருளின் பெயர் ஆறாம் வேற்றுமைக்குரிய வடிவத்தை எடுப்பது இம்மொழியின் வழக்கம். பென்சிலால் எழுதுங்கள் என்று ஆசிரியை சொன்னால் 'ரஷீக்கித்தெ பியெஷ்துக்கு' என்று கேட்கும். முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்த என் மகன், "டீச்சர் பென்சிலுக்கு, பென்சிலுக்கு என்கிறார், பென்சிலுக்கு என்ன என்று சொல்லவே இல்லை" என்று முறையிட்டான். நம் நான்காம் வேற்றுமை உருபைப் போல ஒலிக்கும் அந்தக் 'கு', அங்கே 'ஆல்' என்ற பொருளைத் தருகிறது என்பதை அவனுக்கு விளக்கிய பிறகுதான் எனக்கே ஒரு செய்தி புரிந்தது: இந்த மொழியை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிப்பது சுற்றுவழி, தமிழ் வழியே நேர்வழி.

லிதுவேனிய மொழியில் ஏழு வேற்றுமைகள் உண்டு. விளி உட்பட எட்டு வேற்றுமைகளைப் பேச்சிலேயே கையாளும் குழந்தைக்கு அது வியப்பானதன்று. வகுப்பு 'க்லாஸே' என்றால் வகுப்பில் 'க்லாஸேயெ'. புத்தகம் 'க்னீக', புத்தகத்தை என்பது 'க்னீகா'. இறுதி உயிர் குறிலாக இருப்பதும் நெடிலாவதும்தான் அங்கே வேறுபாடு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் தவறவிடும் இந்த வேறுபாட்டைத் தங்கள் மகள் எளிதில் கேட்டுவிடுவாள். ஆனால் நான் இங்கே எழுதியிருப்பதைப் போலத் தமிழ் எழுத்தில் அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். வல்லினத்தின் இருவகை ஒலிகளை நம் எழுத்து பிரித்துக் காட்டாது. அவர்களுடைய 32 எழுத்துகளை, வால் முளைத்தவையும் புள்ளி வைத்தவையுமாக, அவள் முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

சொற்களைத் தனித்தனியாக நெட்டுருப் போடாமல் குடும்பமாகக் கற்பியுங்கள். அழிரப்பர் 'த்ரின்துக்கஸ்', அது தேய்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது; பென்சில் சீவி 'த்ரோஷ்துக்கஸ்', அது சீவுதலிலிருந்து வந்தது; பியெஷ்துக்கஸ் என்பதோ வரைதலிலிருந்து வந்தது. 'துக்கஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஒரு கருவி என்று அவளே ஊகித்துக்கொள்வாள். பள்ளி 'மோக்கீக்ல', உணவுக்கூடம் 'வல்கீக்ல', படிப்பறை 'ஸ்கைத்தீக்ல' என்பவற்றில் ஈற்றில் வரும் 'ஈக்ல' நம் பாடசாலை, வாசகசாலை என்பவற்றில் உள்ள 'சாலை'யின் வேலையைச் செய்கிறது. நோட்டுப் புத்தகத்துக்குரிய 'சாஸ்யுவினிஸ்' என்ற சொல் முதலில் வாயில் நுழையாது. சேர்த்துத் தைக்கப்பட்டது என்ற பொருள் அதற்குள் இருப்பதைச் சொல்லிக் காட்டினால் மறக்காது. முதுகுப்பையான 'குப்ரினே'யின் வேர்ச்சொல்லுக்குக் கூன் என்று பொருள். முதல் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுமந்து போவதைப் பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது!

கதவு, கத்தரிக்கோல் ஆகிய இரண்டும் அவர்களுக்கு எப்போதும் பன்மை என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

பட்டியலில் அறவே இல்லாதது மரியாதை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கும் ஏவல் இங்கே எழுது, எழுதுங்கள் என்பதைப் போல 'ரஷீக்', 'ரஷீக்கித்தெ' என்று இரண்டாகப் பிரிகிறது. வகுப்பு முழுவதையும் பார்த்துப் பேசும் ஆசிரியை இரண்டாவதைத்தான் சொல்வார். தங்கள் மகள் ஆசிரியையிடம் பேசும்போதும் 'து' என்ற நீ கூடாது, 'யூஸ்' என்ற நீங்கள்தான் வேண்டும். 'லபஸ்' என்பது தோழிகளுக்குரிய வணக்கம். ஆசிரியைக்கு 'லப தியென' என்று சொல்ல வேண்டும். என் மகன் முதல் நாள் லபஸ் என்று உரக்கச் சொன்னபோது அந்த அம்மையார் சிரித்துக்கொண்டார், நான்தான் கூசிப்போனேன். பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் டீச்சர் என்று அழைப்பதைப் போல 'மோக்கீத்தோய' என்பதே விளியாகிவிடும். ஆசிரியர் ஆணாக இருந்தால் 'மோக்கீத்தோயஸ்' என்ற சொல் விளியில் 'மோக்கீத்தோயவ்' என்று திரியும்.

ஆங்கிலம் இங்கே பொதுவாக 2ஆம் வகுப்பில்தான் பாடமாகத் தொடங்குகிறது என்பதால் உடன் படிக்கும் பிள்ளைகளுடன் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் என்று நம்ப வேண்டாம். வருவதற்கு முன் மூன்று வாக்கியங்கள் அவள் நாவில் பழகியிருந்தால் போதும்: புரியவில்லை என்பதற்கு 'நெசுப்ரன்து', என்னிடம் பென்சில் இல்லை என்ற மேற்சொன்ன வாக்கியம், வெளியே போகலாமா என்பதற்கு 'அர் கல்யு இஷெய்தி'. கழிப்பறைக்குப் போக வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் அழும் குழந்தைக்குக் கரும்பலகையின் பெயர் தெரிந்து என்ன பயன்?

பள்ளி தொடங்கும் செப்டம்பர் 1 இங்கே அறிவுத் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. பிள்ளைகள் ஆசிரியர்களுக்குப் பூக்கள் கொண்டு செல்வார்கள். பூவைக் கொடுக்கும்போது 'ச்யா யும்ஸ், மோக்கீத்தோய', அதாவது இது உங்களுக்கு, டீச்சர், என்று சொல்லச் சொல்லுங்கள். 'யும்ஸ்' என்பதை அழுத்திப் பழக்குங்கள். 'தவ்' என்று சொல்லிவிட்டால் உனக்கு என்றாகிவிடும்.