தர்மபுரி நகருக்குள் மக்கள் சிரமமின்றி வந்துபோக என்ன செய்ய வேண்டும்? சாலையை அகலப்படுத்தினால் போதுமா?

போதாது. தர்மபுரியைக் கடந்து போகிறவர்களுக்கு இங்கே சாலைக்குக் குறைவே இல்லை. சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியாக விரிந்து கிடக்கிறது. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்ல 844ஆம் எண் சாலை இருக்கிறது. திண்டாடுகிறவர்கள் எல்லாம் ஊருக்குள் வருகிறவர்கள்தான்: கல்லூரிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பூ மார்க்கெட்டுக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஜனங்கள்.

முதலில் சைக்கிள். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது, ஓட்டத்தான் வழியில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சர்வீஸ் ரோட்டில் வருகிறார்கள். ஒரு சிறுபாலம் வந்ததும் அது சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடுகிறது. அங்கே இறங்கி, லாரிகள் பறக்கும் பிரதான சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டே பாலத்தைத் தாண்டி, மறுபடி சர்வீஸ் ரோட்டில் ஏற வேண்டும். பின்னால் ஏர் ஹாரன் அலறினால் புத்தகப் பையோடு கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மறுபக்கம் போக முறையான திருப்பம் வெகு தொலைவில் இருப்பதால், சிலர் எதிர்த்திசையிலேயே மிதித்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம். பாலத்தின் ஓரத்தில் ஆளும் சைக்கிளும் போகும் அகலத்துக்கு ஒரு நடைபாலம் போட்டால் தீர்ந்தது. தொப்பூர் கணவாய் விபத்துகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். இந்தச் சிறுபாலங்களுக்காகப் பேசத்தான் ஆளில்லை.

அடுத்தது டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மாதக் கடைசியில் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஆனால் ஜவுளிக்கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு வருவதற்குள் கடைசி டிரிப் போய்விட்டால், வாரமெல்லாம் மிச்சம் பிடித்த காசு ஒரே இரவில் ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. கடை அடைக்கும் நேரத்தைப் பார்த்துக் கடைசி டிரிப்பை வைக்க வேண்டும். இதற்குப் புதிய சாலையும் வேண்டாம், புதிய பஸ்ஸும் வேண்டாம்.

பஸ் போகாத கிராமங்களை இணைக்க 2025இல் வந்த புதிய மினி பஸ் திட்டத்தை நான் வரவேற்கிறேன். தனியார் வண்டி என்பதால் அதில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். எனவே மினி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும் இடத்தில் டவுன் பஸ் கட்டாயம் நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்திலேயே கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றும் வேண்டும்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை–சேலம் ரயில் பாதையில் இருக்கும் மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையே வெள்ளைக்காரர் காலத்தில் ஓடிய சிறிய ரயில் இரண்டாம் உலகப்போரின்போது நின்றுபோனது. சுமார் 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அது வந்தால் சென்னை ரயில் பாதையோடு நகரம் நேராக இணைந்துவிடும். அதுவரை, மொரப்பூரில் ரயில் நிற்கும் நேரத்தை ஒட்டியாவது பஸ் விட வேண்டும்.

உங்கள் ஊரிலும் இதே நிலை என்றால், கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். "சாலை வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். சர்வீஸ் ரோடு எந்தப் பாலத்தில் அறுபடுகிறது, எத்தனை மணிக்குப் பஸ் இல்லை என்பதைக் குறிப்பிட்டு, இடத்தின் புகைப்படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.