நடுவில் ஒரு துபாஷி: கம்ப்யூட்டர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே புகார். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறது. பாளையங்கோட்டையில் எட்டு எக்ஸ்பி மெஷின்களை வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திய நாளிலிருந்தே இந்தச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருப்பவள் நான். இந்த இதழ் முழுக்க அதுதான்.

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகர்: அப்பாவின் ஏலக்காய்க் கடைக் கணக்கு 2006-லிருந்து கீழ் ரூமில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் இருக்கிறது. மாடியில் விண்டோஸ் 7. போன மாதம் தங்கைக்கு விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப் வாங்கினோம். எக்ஸ்பியும் 7-ம் பேசிக்கொள்கின்றன. 7-ம் 11-ம் பேசிக்கொள்கின்றன. 11-லிருந்து எக்ஸ்பிக்குப் போனால் மட்டும் ‘பாதுகாப்பில்லாத ஷேர்’ என்று திருப்பி அனுப்புகிறது. சர்வீஸ்காரர் எக்ஸ்பியைத் தூக்கிப் போடச் சொல்கிறார். அப்பா என்னை வேண்டுமானால் தூக்கிப் போடுவார், அதைப் போட மாட்டார். என்ன செய்ய அக்கா?

தம்பி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். எக்ஸ்பி 7-உடன் பேசுகிறது, 7 11-உடன் பேசுகிறது என்றால் கேபிளில் கோளாறில்லை, ரூட்டரிலும் கோளாறில்லை. பாஷைதான் இடிக்கிறது.

விண்டோஸ் மெஷின்கள் தங்களுக்குள் ஃபைல் கொடுத்து வாங்கும் பாஷைக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. விஸ்டாவோடு இரண்டாவது பதிப்பு வந்தது, விண்டோஸ் 8-ல் மூன்றாவது. உங்கள் மாடியில் இருக்கும் 7-க்கு முதல் பதிப்பும் தெரியும், இரண்டாவதும் தெரியும். இப்போது கடையில் விற்கும் 11-ல் முதல் பதிப்பை ஏற்றாமலே கொடுக்கிறார்கள்.

ஏற்றாததற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அது பரவியது எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே முடங்கின. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. ஆனால் அப்போது எக்ஸ்பிக்கு ஆதரவு நின்று மூன்று வருஷமாகியிருந்ததால் அதற்கான அப்டேட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டது வைரஸ் வந்த பிறகுதான். அந்த வருஷக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ல் முதல் பதிப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

உங்கள் ஊரிலும் யாராவது சொல்வார்கள்: “கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய் எஸ்எம்பி 1.0-க்கு ஒரு டிக் போடு, சரியாகிவிடும்.” சரியாகும்தான். 2018-ல் நானே ஒரு பெரியவருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, “என்னம்மா, மறுபடியும் போயிட்டே” என்று வந்து நின்றார். அந்த டிக்கை விரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று டிக் இருக்கும். அதில் ஒன்று, 15 நாள் தொடாமல் இருந்தால் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் ஏற்பாடு. பெரியவர் வீட்டில் புது மெஷின் நாள் முழுக்க ஓடும், பழைய மெஷினை மாதத்துக்கு ஒரு தடவைதான் தொடுவார். நான் அந்த மூன்றாவது டிக்கைக் கவனிக்கவில்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் அந்த மூன்றில் ஒன்றையும் போட மாட்டேன். தங்கை அந்த லேப்டாப்பை காலேஜ் வைஃபையிலும் மாட்டுவாள் அல்லவா?

அப்படியானால் வழி என்ன? இரண்டு பாஷையும் தெரிந்த 7-ஐ நடுவில் துபாஷியாக உட்கார வையுங்கள். 7-ன் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் திறங்கள். கீழே இருந்து எக்ஸ்பி அதில் போடட்டும், லேப்டாப் அதிலிருந்து எடுக்கட்டும். எக்ஸ்பியும் 11-ம் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஃபோல்டரை ஷேர் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஷேரிங் பக்கத்தில் ஓர் அனுமதி, செக்யூரிட்டி பக்கத்தில் இன்னோர் அனுமதி. வாசல் கேட்டைத் திறந்துவிட்டு நிலைக்கதவைப் பூட்டி வைத்தால் ஆள் திண்ணையோடு திரும்ப வேண்டியதுதான். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். என்னிடம் வரும் ‘அனுமதி இல்லை’ கேஸ்களில் பெரும்பாலானவை இந்த நிலைக்கதவுக் கேஸ்கள்தான். 7-ல் பாஸ்வேர்டோடு புதிதாக ஒரு யூசரை உருவாக்கி, அந்தப் பெயருக்கு இரண்டு பக்கத்திலும் எழுதும் அனுமதி கொடுங்கள். பாஸ்வேர்டு கட்டாயம். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பிலிருந்து பெயர் சொல்லாத விருந்தாளியாகப் போய் எடுப்பதை ஒத்துக்கொள்வதில்லை.

எக்ஸ்பியை என்ன செய்வது? அதற்கு இன்டர்நெட் எதற்கு? நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்குக்குள் அந்த மெஷினுக்குரிய எண்ணை, நீங்களே கையால் கொடுங்கள். ரூட்டர் தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே ஒன்றைப் பார்த்து வையுங்கள். சப்நெட் மாஸ்க்கில் 255.255.255.0. அதற்கடுத்து டீஃபால்ட் கேட்வே என்று ஒரு கட்டம் வரும் பாருங்கள், அதைக் காலியாக விடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மெஷின்களோடு பேசும், தெருவுக்குப் போகத் தெரியாது.

கணக்கு ப்ரோக்ராமை நெட்வொர்க் வழியாக மாடியிலிருந்து ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் கணக்கு ஃபைல் உடையும். ராத்திரி கடை அடைத்ததும் ஒரு நகல் மாடிக்குப் போனால் போதும். இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். 7-க்கும் 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது, துபாஷிக்கும் வயதாகிறது. இந்த வருஷக் கணக்கு முடிவதற்குள் புது ப்ரோக்ராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: என் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, பேரன் வைத்திருப்பது 11. அவனுடைய ஃபோல்டரைத் திறந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. அவன் தினமும் அடிக்கும் நாலு எண்ணைத்தான் கொடுத்தேன். தவறு என்கிறது. பத்துத் தடவை முயன்றேன்.

டீச்சர், பத்துத் தடவை அல்ல, நூறு தடவை அடித்தாலும் அது ஏற்காது. அந்த நாலு எண் பின் நம்பர். அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அடித்தால் மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் அது கேட்பது பேரனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலையும் அதன் முழு பாஸ்வேர்டையும். ஆரம்பத்திலிருந்தே பின் நம்பரிலேயே நுழைந்து பழகியவர்கள் மெஷினில் சில சமயம் அதுவும் எடுபடாது. பேரனுடைய மின்னஞ்சல் பாஸ்வேர்டைப் பாட்டி வாங்கி வைத்துக்கொள்வதும் அவ்வளவு நன்றாக இல்லை!

அவனை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், அங்கே புதுக் கணக்கு சேர்க்கும் பொத்தான். உடனே மின்னஞ்சல் கேட்டு நிற்கும். கொடுக்க வேண்டாம். ‘இவருடைய விவரம் என்னிடம் இல்லை’ என்ற வரியை அழுத்தினால், அடுத்த திரையில் கீழே ‘மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்’ என்று பொடி எழுத்தில் வரும். அதில் ‘பாட்டி’ என்பதை ஆங்கில எழுத்தில் பெயராக வைத்து ஒரு பாஸ்வேர்டு. ஃபோல்டர் அனுமதியில் பாட்டியைச் சேர்த்தால் முடிந்தது. பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டுவிடப் போகிறான். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, அது எக்ஸ்பி காலத்திலிருந்தே உள்ள சட்டம்.

இதெல்லாம் செய்தும் ‘தவறு’ என்றே வந்தால், நீங்கள் முன்பு அடித்த தப்பான பதிலை உங்கள் மெஷின் ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே ஒப்பிக்கிறது. உங்கள் கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று இருக்கும். அதற்குள் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் பேரன் மெஷின் பெயருக்கு நேராக இருப்பதை அழித்துவிட்டு, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: என் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து முகவரி அடித்து ஹால் கம்ப்யூட்டருக்குள் போக முடிகிறது. ஹாலிலிருந்து என் ரூமுக்கு வர முடியவில்லை. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டேன். ஹால் முகவரி 192.168.1.5, என்னுடையது 192.168.0.103.

முதலில் ஃபயர்வாலை மறுபடி போடுங்கள். அது ஒரு பாவமும் செய்யவில்லை.

முகவரியில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். அங்கே 1, இங்கே 0. ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஹாலில் இருக்கும். ரூமில் சிக்னல் வரவில்லை என்று நீங்கள் தனியாக ஒரு வைஃபை ரூட்டர் வாங்கி, ஹாலிலிருந்து வரும் கேபிளை அதன் வேன் (WAN) ஓட்டையில், அதாவது வெளி இணைப்புக்கான ஓட்டையில், செருகியிருப்பீர்கள். சரிதானா? அதனால் உங்கள் ரூம் வீட்டுக்குள் தனிக்குடித்தனம் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர வழியில்லை.

ரூம் ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் வேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரூட்டர் பக்கத்தில் அதன் முகவரியை ஹாலில் யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணுக்கு, உதாரணமாக 192.168.1.2 என்று, மாற்றுங்கள். அந்தப் புது முகவரியிலேயே மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை, அதாவது ரூட்டர் தானாக எண் வழங்கும் வசதியை, அணையுங்கள். கடைசியாக கேபிளை வேனில் செருகாமல் வீட்டு மெஷின்களுக்கான லேன் (LAN) ஓட்டை ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ரூட்டர் பக்கமே திறக்காமல் போய், ரீசெட் பொத்தானைக் குத்த ஊசி தேட வேண்டிவரும்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் காலியாக இருக்கிறது. முன்பு எல்லா கம்ப்யூட்டரும் வரிசையாகத் தெரியும். ஹோம்குரூப்பையும் காணோம்.

வீட்டு மெஷின்களை ஒரே குழுவாகச் சேர்த்த அந்த ஹோம்குரூப் வசதியை 2018-ல் எடுத்துவிட்டார்கள், தேடாதீர்கள். பட்டியலில் தெரியாவிட்டால் மெஷின் இல்லை என்று அர்த்தமில்லை. மேலே முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, அந்த மெஷினின் பெயரையோ ஐபி எண்ணையோ அடித்து என்டர் தட்டுங்கள், திறக்கும். பட்டியலும் வேண்டுமென்றால் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருப்பதை இரண்டு மெஷினிலும் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பிறகு சர்வீசஸில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி’ என்று தொடங்கும் இரண்டையும் தானாகத் தொடங்கும்படி வையுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்: தம்பி கல்யாண வீடியோ ஒரே ஃபைல், 11 ஜிபி. பென்டிரைவ் 32 ஜிபி, சுத்தமாகக் காலி. ஆனாலும் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்கிறது. வைஃபையில் அனுப்பினால் பாதியில் நிற்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எதுவும் உட்காராது, எவ்வளவு காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் உட்காரும். பழைய எக்ஸ்பியில் செருகப் போகிறீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, காலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு மெஷினையும் கேபிளில் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்குச் சுமார் 11 எம்பி போகும், உங்கள் வீடியோவுக்கு 17 நிமிஷம். ஜிகாபிட் இணைப்பும் ஓரளவு வேகமான டிஸ்க்கும் இருந்தால் இரண்டு நிமிஷம். ஜிகாபிட் ரூட்டர் வாங்கியும் வேகம் 100 என்றே காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 100-க்கு ஆரஞ்சு, பச்சை என இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் உயிரோடு இருக்க வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சென்டரில் கல்லாவுக்குப் பின்னால் போன கேபிளில் பழுப்பு ஜோடியை எலி எப்போது கடித்ததோ தெரியாது, அந்த மெஷின் 100-ல் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி வைத்த அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது.