கொலுசுப் பட்டறையில் ஒரு டேட்டாபேஸ்: ஐடி படிப்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து சேலம் பக்கமிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஐடி படிப்பைப் பற்றியவைதான். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு கட் ஆஃப் 168. நல்ல காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, ஐடி கிடைக்கலாம் என்கிறார்கள். ஐடி என்றால் கம்மியா? வீட்டில் நாலு தறி ஓடுகிறது, அதை வைத்துத்தான் ஃபீஸ் கட்ட வேண்டும்.
— ஒரு தாய், அம்மாபேட்டை

கம்மி இல்லை அம்மா. அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் பி.இ. என்று பட்டம் கொடுப்பார்கள், ஐடி படித்தால் பி.டெக். என்று கொடுப்பார்கள். இரண்டும் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். பைதான், சி, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று அடிப்படைப் பாடங்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசி இரண்டு வருடத்தில்தான் கொஞ்சம் பிரிகிறது. வேலைக்கு எடுக்க வருகிறவர்களும் இரண்டையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது காலேஜை. வாசலில் வைத்திருக்கிற பிளேஸ்மென்ட் பேனரைப் பார்க்காதீர்கள். சாயந்தரம் காலேஜ் விடுகிற நேரத்தில் எதிரே இருக்கிற டீக்கடையில் உங்கள் மகனை நிற்கச் சொல்லுங்கள், செகண்ட் இயர் படிக்கிற நாலு பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: லேபில் நீங்களே யோசித்து டைப் அடித்து ஓட்டுகிறீர்களா, இல்லை சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி கையெழுத்து வாங்குகிறீர்களா? பதில் சொல்லும் முன்னால் அவர்கள் சிரித்தாலே உங்கள் மகனுக்குப் புரிந்துவிடும்.

ஃபீஸ் விஷயம். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கவுன்சிலிங்கில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பையனாக இருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு தனியாக இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்காகத் தறியை மட்டும் விற்றுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். சேலத்தில் பி.எஸ்சி. ஐடி சேர்ந்திருக்கிறேன். க்ளாஸில் எல்லாம் இங்கிலீஷ். வீட்டில் சிக்னல் இல்லை, மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். காபிப் பழம் பறிக்கிற சமயத்தில் அம்மாவோடு நானும் போக வேண்டும், செமஸ்டர் பரீட்சையும் அப்போதுதான் வரும். என்னால் முடியுமா?
— ஒரு மாணவி

முடியும் கண்ணு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இங்கிலீஷ் பயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள். கோடு எழுதுவதற்கு வேண்டிய இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம். முதன்முதலில் தரப்படுத்திய சி மொழியில் மொத்தமே 32 கட்டளைச் சொற்கள்தான், இன்றைய பைதானில் 35. அதைவிட அதிகமான வார்த்தைகளை நீ ஆறாவது பாடப் புத்தகத்திலேயே படித்துவிட்டாய். எரர் மெசேஜ் வந்தால் பயந்து மூடிவிடாதே, அந்த வரியை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் என்ன தப்பு செய்தாய் என்று தமிழில் எழுது. ஒரு செமஸ்டர் முடிவதற்குள் திரும்பத் திரும்ப வருவது எல்லாமே பழைய எரர்தான் என்று தெரிந்துவிடும்.

பரீட்சையில் பாரா பாராவாக எழுத வேண்டிய இங்கிலீஷ் இன்னொன்று. அதற்கு முதலில் விஷயம் தமிழில் புரிய வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டெட்லாக் என்று ஒரு பாடம் வரும், நிறைய பேர் மனப்பாடம் செய்து வாந்தி எடுப்பார்கள். நீ தினமும் இருபது கொண்டை ஊசி வளைவையும் பார்க்கிற பெண். ஒரு வளைவில் மேலே ஏறுகிற பஸ்ஸும் கீழே இறங்குகிற பஸ்ஸும் நேருக்கு நேர் மாட்டிக்கொள்கின்றன. இது நகர வேண்டுமானால் அது நிற்கிற இடம் வேண்டும், அது நகர வேண்டுமானால் இது நிற்கிற இடம் வேண்டும், இரண்டும் விடாமல் நிற்கின்றன, பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதுதான் டெட்லாக். பஸ்ஸுக்குப் பதில் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராம்; ரோட்டுக்குப் பதில் ரிசோர்ஸ், அதாவது அது ஓடுவதற்கு வேண்டிய பொருள், அவ்வளவுதான். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா? அந்த மாதிரி யாருக்கு முதலில் என்று முன்கூட்டியே ஒரு ஒழுங்கை முடிவு செய்துவைப்பது டெட்லாக் வராமல் தடுக்கிற வழிகளில் ஒன்று. இதைத் தமிழில் புரிந்துகொண்டவளுக்கு இங்கிலீஷில் எட்டு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை.

சிக்னல் இல்லாததற்கு: காலேஜில் நெட் இருக்கும்போதே என்பிடெல் வீடியோக்களை இறக்கிக்கொண்டு போ, ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கிற பாடங்கள், பார்க்கக் காசு இல்லை. பைதான் ஓட்டுவதற்கு போனிலேயே நெட் இல்லாமல் வேலை செய்கிற செயலிகள் உண்டு.

பழம் பறிப்பதும் பரீட்சையும் நவம்பரில் மோதும் என்று இப்போதே தெரிகிறது, அதனால் மூன்று யூனிட்டை அக்டோபருக்குள் முடித்துவிடு. அப்புறம், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வர வேண்டும், 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள், காலேஜ் ஆபீஸில் கேள். பழங்குடி சாதிச் சான்று இருந்தால் ஸ்காலர்ஷிப்புக்கும் அரசு விடுதிக்கும் சேர்த்தே விண்ணப்பி. தினமும் மலை இறங்கி ஏறுவதை விட விடுதியில் இருப்பது நல்லது, அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எல்லோரும் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நானும் வாங்கிவிடலாமா? எனக்கு ஐடியாவே வரவில்லை.
— பி.டெக். மாணவர், செவ்வாய்ப்பேட்டை

செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு ஐடியா இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி! தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறேன், ஓரமெல்லாம் கறுத்துப்போன நீள நோட்டு. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தது, கொலுசாக எத்தனை கிராம் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு வாரம் கணக்கு இடித்தால் வேலை செய்கிறவருக்கும் முதலாளிக்கும் மனஸ்தாபம்.

இதை டேட்டாபேஸாக மாற்றிப் பாருங்கள். முதலில் ஒரே டேபிளில் (அட்டவணையில்) எல்லாவற்றையும் போடுவீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்போம். ஒருவர் நாற்பது தடவை வெள்ளி வாங்கியிருந்தால் அவர் பெயரும் போன் நம்பரும் நாற்பது வரியில் இருக்கும். அவர் நம்பர் மாற்றுகிறார், நீங்கள் மூன்று வரியில் திருத்துகிறீர்கள், மீதி முப்பத்தேழில் பழைய நம்பர். நார்மலைசேஷன் பாடத்தில் அப்டேட் அனாமலி என்று படித்தீர்களே, அது இதுதான். ஆட்களுக்கு ஒரு டேபிள், கொடுத்ததற்கு ஒன்று, வாங்கியதற்கு ஒன்று என்று பிரிக்கும்போதுதான் அந்தப் பாடம் எதற்காக வந்தது என்று புரியும்.

அடுத்து எடை. கிராமை ஃப்ளோட் என்று, அதாவது புள்ளி வைத்த எண் வகையில் வைத்துவிடுவீர்கள். பைதானைத் திறந்து 0.1, 0.2 இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது இரண்டின் அடுக்குகளில், மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிற மாதிரி 0.1 அதற்கு முடிவில்லாத எண். இரண்டு எண்ணில் இது ஒன்றுமில்லை, ஆனால் கொடுத்ததும் வந்ததும் சமமா என்று சரிபார்க்கிற இடத்தில் சமமாக இருப்பதையே சமமில்லை என்று சொல்லிவிடும். அதனால் எடையை மில்லிகிராமாக்கி முழு எண்ணாக வையுங்கள், இல்லாவிட்டால் பத்தின் அடுக்குகளிலேயே கணக்குப் போடுகிற டெசிமல் வகையில் வையுங்கள்.

காசு கொடுத்து வாங்கினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "இந்த டேபிளை ஏன் பிரித்தாய்?" என்று கேட்டதும் முகம் தெரிந்துவிடும். வேலை இன்டர்வியூவிலும் அதே கேள்விதான். பட்டறைக்காரரிடம் ஒரு வாரம் உட்கார்ந்து கேளுங்கள், அவர் சொல்லித்தருவது எந்த சென்டரிலும் கிடைக்காது.

ஏஐ எல்லாக் கோடையும் எழுதிவிடுகிறதே, இனிமேல் ஐடி படிப்பது வீண் இல்லையா?
— பி.எஸ்சி. மாணவர், ஓமலூர்

மேலே சொன்ன வெள்ளிக் கணக்கை நான் ஒரு ஏஐ செயலியில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். அழகாக எழுதியது, எடையை ஃப்ளோட் என்று வைத்தது. ஓட்டினால் ஓடும், எரர் வராது. அதைத் தப்பு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் படிப்பு. பார்த்து டைப் அடிக்கிற வேலை குறைந்துகொண்டு வருகிறது, அதை மறைத்துப் பேச மாட்டேன். அதனால்தான் முதல் இரண்டு வருடம் ஏஐயைத் தொடாமல் சொந்தக் கையால் எழுதுங்கள் என்கிறேன்.

பி.எஸ்சி.தானே என்றும் தயங்க வேண்டாம். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022-இல் அனுமதி கொடுத்துவிட்டது, ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பட்டத்தை ஆன்லைனில் சேர்த்தே படிக்கலாம், ஜேஇஇ தேவையில்லை, அவர்களே ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். படித்துவிட்டு பெங்களூர்தான் போக வேண்டும் என்றும் இல்லை, ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, உங்கள் ஓமலூருக்குப் பக்கத்தில் கருப்பூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள்.

நாலு அரியர். சி-யில் பாயின்டர் வந்தாலே கண் இருட்டுகிறது.
— செகண்ட் இயர், கொண்டலாம்பட்டி

அரியரை ஃபைனல் இயருக்குத் தள்ளாதீர்கள், நிலுவையில் அரியர் இருந்தால் நிறைய கம்பெனிகள் உள்ளேயே விட மாட்டார்கள். பாயின்டர் என்பது கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒரு மதிப்பு இருக்கிற இடத்தின் விலாசம், அதைப் புரிந்துகொள்ள ஒரு வழி: இரண்டு எண்களை இடம் மாற்றுகிற ஸ்வாப் ப்ரோக்ராமைப் பேப்பரில் கட்டம் போட்டு ஓட்டுங்கள். மதிப்பை அனுப்பினால் ஃபங்ஷனுக்குப் போவது நகல், அங்கே மாற்றினாலும் உங்கள் கட்டம் மாறாது. வீட்டு விலாசத்தை அனுப்பினால்தான் வீட்டுக்கே வந்து மாற்றிவிட்டுப் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலேயும் விலாசம் என்று 1000, 1004 எழுதிக்கொள்ளுங்கள். பத்து தடவை போடுங்கள், பதினோராவது தடவை பேப்பர் வேண்டியிருக்காது.

லேப்டாப் புதிதாக வாங்க வசதி இல்லை. பழசு போதுமா?
— ஒரு அப்பா, அஸ்தம்பட்டி

போதும். 8 ஜிபி ராம் இருக்கிறதா என்று பாருங்கள், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். லினக்ஸ் போட்டுக்கொண்டால் அதற்குக் காசு கிடையாது, நாலு செமஸ்டருக்குத் தாராளமாக ஓடும்.