கேப் ஏன் என்று கேட்கிறார்கள்

அன்புள்ள அக்கா,

2019-இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். அந்த வருடமே கல்யாணம், அப்புறம் குழந்தை. மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் இருந்து, போன வருடம் தவறிவிட்டார். இப்போது வேலை தேடுகிறேன். எங்கே போனாலும் 'இத்தனை வருஷம் கேப் ஏன்?' என்கிறார்கள். வீட்டில் இருந்தேன் என்றதும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். ஒரு கன்சல்டன்சிக்காரர், பணம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ர., திருக்கோவிலூர்

அன்புள்ள ர.,

வாங்காதீர்கள். அதை நம்பி ஐ.சி.யூ.வில் போட்டால் முதல் நைட் டியூட்டியிலேயே சாயம் வெளுத்துவிடும். அங்கே படுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

வார்டு இன்சார்ஜாக இருந்தபோது புதிதாக வருபவர்களை நானும் இன்டர்வியூ செய்திருக்கிறேன். கேப்பைப் பற்றிக் கேட்கும்போது மனதில் ஓடுவது ஒன்றுதான்: இந்தப் பெண்ணுக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடக் கை வருமா? 'வீட்டில் இருந்தேன்' என்பது அதற்குப் பதில் இல்லை. மாமியாருக்கு மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூபில் கஞ்சி விட்டிருப்பீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்திருப்பீர்கள், படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்திருப்பீர்கள். என்னென்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள். ஆனால் அதைப் பயோடேட்டாவில் 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டாம்.

நானும் பிரசவத்துக்குப் பிறகு நான்கு வருடம் வீட்டில் இருந்தவள்தான். திரும்பிப் போன முதல் வாரம், மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்கு, மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சை எடுத்துவிட்டேன். 10 என்ற கோடு வரை இழுத்திருந்தால் நோயாளிக்குப் போவது நான்கு யூனிட்தான். சீனியர் சிஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்த ஆரஞ்சு மூடியைத் தொட்டுக் காட்டிவிட்டு, 40 யூனிட்டுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து நீட்டினார்.

அதனால்தான் முதலில் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறேன். பக்கத்து ஊரில் முப்பது, நாற்பது படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் ஆறு மாதம் இருங்கள். சம்பளம் குறைவு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேஷுவால்டியிலிருந்து லேபர் ரூம் வரை எல்லாவற்றிலும் கை படும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அங்கேயே விட்டுவிட்டு வந்தால் வேறு வேலை கிடைக்கும்போது திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால், உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவு உயிரோடு இருக்கிறதா பாருங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது.

கூடவே தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு, எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வு இரண்டுக்கும் படியுங்கள். நார்செட்டில் டிப்ளமோ நர்ஸிடம்தான் 2 வருட அனுபவம் கேட்கிறார்கள், பி.எஸ்சி.க்காரர்களிடம் இல்லை. அதில் பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், இன்டர்வியூவில் நான் எல்லோரிடமும் கேட்ட கணக்கு: 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை? பேனா எடுக்காமல் 42 என்று வந்தால், நாளைக்கே கிளம்புங்கள்.