பக்கத்துக் கட்டிலுக்கு 3 கிராம், தம்பிக்கு ஒன்றரையா?

கேள்வி: தம்பிக்கு 26 வயது. ஏஎம்எல் வகை இரத்தப் புற்றுநோய். முதல் சிகிச்சையில் அடங்கிவிட்டது. என்பு மச்சை மாற்றுவதற்கு என்னுடையது பொருந்துகிறதாம். அதுவரைக்கும் சைட்டராபின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு 3 கிராம் கணக்கில் மூன்று சுற்று, தம்பிக்கு ஒன்றரை கிராம் கணக்கில் ஒரே சுற்று. தோட்டத்து ஆட்கள்தானே என்று குறைத்துவிட்டார்களா? முடி கொட்டுகிறது. பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா? மச்சை கொடுத்தால் எனக்கு ஏதும் ஆகுமா? போன வாரம் காய்ச்சல் வந்தது, பெனடோல் போட்டதும் விட்டுவிட்டது.
– ஹட்டன் வாசகி

பதில்: அளவு குறைவென்பதால் கவனிப்பும் குறைவென்று ஆகாது. இரத்தப் புற்றுநோயில் எல்லோருக்கும் ஒரே பாதை இல்லை. சிலருக்கு நோயின் மரபணு வகை சாதகமாக இருக்கும். மச்சை மாற்றுச் சிகிச்சையே பெரும்பாலும் தேவைப்படாது. அவர்களுக்கு இந்த மருந்துதான் முழுச் சிகிச்சை, அதனால் கூடிய அளவில், பல சுற்று கொடுப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். உங்கள் தம்பிக்கு நோயை வேரறுக்கப்போவது உங்கள் மச்சை. அதுவரை நோய் தலைதூக்காமல் பிடித்து வைப்பதுதான் சைட்டராபினின் வேலை. பொருத்தமானவர் தயாராக இருக்கும்போது சுற்றைக் கூட்டுவதால் பலன் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அளவைக் கூட்டினால் சிறுமூளை பாதித்து நடை தள்ளாடலாம், பேச்சு குழறலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே வார்டில் கேட்க வேண்டியது எத்தனை கிராம் என்றல்ல. மாற்றுச் சிகிச்சைக்கு எப்போது திகதி, கடைசி மச்சைப் பரிசோதனை என்ன சொல்கிறது, இந்த இரண்டையும் கேளுங்கள்.

முடி திரும்ப முளைக்கும். பப்பாசிச் சாற்றைத் தூரப் போடுங்கள், அதை யார் வீடியோவில் சொன்னாலும் சரி. மச்சை கொடுப்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் சில நாள் ஊசி, கொஞ்சம் எலும்பு வலி, அவ்வளவுதான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் காய்ச்சல்தான் என்னைப் பதறவைத்தது. சைட்டராபின் ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில், கிருமியோடு போராடும் வெண்குழியங்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கிருமி புகுந்தாலும் சீழ் வைக்காது, வீக்கம் தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் மணியடிக்கும். பெனடோலைக் கொடுத்து அந்த மணியை அமுக்கிவிட்டீர்கள். கிருமி இருந்தால் அது பெனடோலில் போகாது. சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். உங்கள் ஊர்க் குளிரில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. நடுங்கினால் பனிக்குத்தான் என்று கம்பளியைப் போர்த்திவிடுவீர்கள். முதலில் தேர்மோமீற்றரை வையுங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், அதைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. காய்ச்சலே இல்லாமல் விறைத்து நடுங்கினாலும் அதே கதைதான். தோட்ட டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கி நேரத்தைக் கடத்த வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுபோய், வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். இரவில் பனிமூட்டம் பாதையை மறைக்கும் இடமென்றால், வெண்குழியங்கள் இறங்கியிருக்கும் நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள்.

போன வாரக் காய்ச்சலை அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்காதீர்கள். இன்றே வார்டுக்கு அழைத்துச் சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள்.